பாலைப்பழம் பிடுங்கக் கோடரி எதற்கு?

வன்னிக் காடுகளுக்குப் பழம் பிடுங்கப் போகும் தம்பிமாருக்கும், யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்தி அதை வாங்கும் எல்லோருக்கும் வணக்கம்.

வைகாசி பிறந்துவிட்டது. வற்றாப்பளைப் பொங்கல் முடிந்து, மடுத் திருவிழாவுக்குச் சனம் வெளிக்கிடும் நேரத்தில் காட்டில் பாலை மரம் பழுத்துக் கொட்டும். கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி என்று வீதி நெடுகப் பழம் அளக்கப் பேணியும் சுண்டும் வைத்துக்கொண்டு பிள்ளைகள் நிற்பார்கள். நிற்கட்டும். காட்டுப் பழம் விற்ற காசில் ஒரு வீட்டுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். பழம் பிடுங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொப்பை வெட்டாதீர்கள், மரத்தைத் தறிக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

நடப்பது உங்களுக்குத் தெரியும். மரம் நல்ல உயரம், பழமோ நுனிக் கொப்புகளில். ஏறி இறங்க நேரம் போகிறது என்று கையில் கொண்டுபோன கோடரியால் கொப்பைக் கொத்தி விழுத்துகிறார்கள். சில இடங்களில் இயந்திர வாளால் மரத்தையே சரித்துவிட்டு, நிலத்தில் இருந்தபடி ஆறுதலாக ஆய்கிறார்கள். ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோரத்தில் அப்படி விழுந்துகிடந்த ஒரு மரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். வெட்டுமுகம் கருஞ்சிவப்பு. பட்டையோரம் கசிந்த பால் வெள்ளையாகத் திரண்டு, அதில் எறும்பு ஒட்டிச் செத்திருந்தது. மஞ்சளாகப் பழுத்ததை மட்டும் ஆய்ந்துகொண்டு போய்விட்டார்கள். காயும் செங்காயும் கொப்பிலேயே வாடிச் சுருங்கிக் கிடந்தன. பாலை ஒரேநாளில் பழுத்து முடிகிற மரமில்லை. கிழமைக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுக்கும். வெட்டினவர்களுக்கு அன்று கிடைத்தது ஒரு நாள் பழம். மிச்சம் அவ்வளவும் யாருக்கும் இல்லாமல் போனது.

அந்த மரம் திரும்ப வருவதென்றால் உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் வராது. பாலை அவ்வளவு மெதுவாக வளரும். அதனால்தான் அதன் வைரமேறிய நடுக்கட்டை தண்ணீரில் போட்டால் தாழும். ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகவும் வீட்டுக்கு வளையாகவும் தூணாகவும் கிடந்து உழைத்தது. பெரிய மரங்கள் கட்டைக்காகவே ஏற்கெனவே எவ்வளவோ போய்விட்டன. மிஞ்சி நிற்பதைப் பழத்துக்காகவும் தறித்தால் எப்படி?

1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்த சனத்தில் எங்கள் குடும்பமும் ஒன்று. பாலைப்பழத்தை நான் முதன்முதலில் தின்றது இங்கேதான். விலை கொடுத்து எதையும் வாங்க ஏலாத அந்த வருடங்களில் பிள்ளைகளுக்கு இனிப்பு என்று இந்தக் காடு கொடுத்தது இதைத்தான். பிறகு வீரைப்பழம், உலுவிந்தம்பழம், முரளிப்பழம் என்று ஒவ்வொன்றாக அடையாளம் பிடிபட்டது. பழம் பொறுக்கக் கூட்டிப்போன ஊர்ப் பெரியம்மா ஒருவர் கையில் ஒருநாளும் கத்தி இருந்ததில்லை. மரத்தடியைக் கூட்டி, பழைய சீலையோ சாக்கோ விரிப்பார். பெடியன் ஒருவன் ஏறிக் கொப்பை உலுப்புவான். கனிந்தது விழும், காய் மரத்தில் நிற்கும். எட்டாத கொப்புக்குக் கொக்கத்தடி. இரண்டு மூன்று நாள் கழித்து அதே மரத்துக்குத் திரும்பப் போவோம். மிஞ்சின பழத்தைப் பாயில் காயவைப்பார், பாணியும் காய்ச்சுவார்.

ருசியிலும் வித்தியாசம் இருக்கிறது. தானாகக் கனிந்து விழுந்த பழத்தில் பால் குறைவு. வெட்டின கொப்பில் பிடுங்கின அரைப்பழத்தைத் தின்றால் உதடு ஒட்டும், பிறகு தேங்காயெண்ணெய் தேய்க்க வேண்டியதுதான். பாலைப்பழம் என்றாலே வாய் ஒட்டும் என்று கொழும்பிலிருந்து வருகிறவர்கள் நினைத்துக்கொள்வதற்கு இந்த அரைப்பழங்கள்தான் முக்கிய காரணம்.

கரடியையும் மறக்கக் கூடாது. தெற்கே யால வனவிலங்குப் பூங்காவில் ஆனி, ஆடியில் கரடி பார்க்க வேண்டுமென்றால் பாலை மரத்தடிக்குத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அவ்வளவு பிரியம் அதற்கு இந்தப் பழத்தில். தின்ற இடம் ஒன்று, எச்சம் போடும் இடம் வேறொன்று. கொட்டை அப்படித்தான் காடு முழுக்கப் போகிறது. பழ மரம் குறையக் குறைய, இருக்கிற ஒன்றிரண்டு மரத்தில் நீங்களும் கரடியும் நேருக்கு நேர் சந்திப்பீர்கள். வெள்ளாப்பில் தனியே போகாதீர்கள். இரண்டு மூன்று பேராக, கதைத்துச் சத்தம் போட்டுக்கொண்டு போங்கள். திடுக்கிட்ட கரடிதான் பாயும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பக்கம் எவ்வளவு பழம் தெரிந்தாலும் கால் வைக்காதீர்கள்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இலையும் பழமுமாகக் கொப்போடு கட்டித் தொங்கவிட்டால் பார்க்க வடிவாக இருக்கிறது, படமும் எடுக்கலாம், சரி. ஆனால் நீங்கள் அதைக் கேட்பதால்தான் அது வெட்டப்படுகிறது. கொப்பாக நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். பக்கத்தில் பேணியில் வைத்திருக்கும் பிள்ளையிடம், பேரம் பேசாமல், இரண்டு சுண்டு கூட வாங்குங்கள். வழமையாகப் போய்வரும் பஸ் சாரதிமார் இதைச் சொன்னால் ஒரே சீசனில் மாறிவிடும் என்று நம்புகிறேன்.

வனவளத் திணைக்கள அதிகாரிகளும் இதை வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒதுக்கக் காட்டில் மரம் தறித்தால் வழக்குப் போட 1907ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. மரத்தில் வாள் வைத்தவன்மேல் அதைப் போடுங்கள். ஆனால் சாக்கோடு வந்த பெண்ணையும் வாளோடு வந்தவனையும் ஒரே கண்ணால் பார்க்காதீர்கள். பழம் பழுக்கும் இந்த இரண்டு மாதத்துக்குக் காட்டோரக் கிராமங்களின் சங்கங்களைக் கூப்பிட்டுக் கதையுங்கள்: யார் போவது, எந்தப் பக்கம் போவது, கத்தி கோடரி கொண்டுபோவதில்லை என்று. வேலை இல்லாத காலத்தில் பழம் பொறுக்கும் சனத்துக்கு அந்த மரம் உயிரோடு நிற்பதில் உங்களைவிட அக்கறை உண்டு. உங்கள் நாற்றுமேடைகளில் தேக்குக்குப் பக்கத்தில் பாலைக்கும் ஒரு பாத்தி ஒதுக்குங்கள். இந்தியாவில் சப்போட்டா ஒட்டுவதற்கு அடிக்கன்றாகப் பாலையைத்தான் வளர்க்கிறார்கள். அங்கே நாற்றுமேடையில் முடிகிற காரியம் இங்கேயும் முடியும்.

தம்பிமாரே, இந்த முறை கோடரியை வீட்டில் வைத்துவிட்டு கீழே விரிக்க ஒரு படங்கும் கொக்கத்தடியும் கொண்டுபோங்கள். படங்கு இல்லையென்றால் எங்கள் ஊர் மாதர் சங்கத்தில் பழைய படங்குகள் கிடக்கின்றன. பின்னேரத்தில் வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் பக்கத்து ஆசிரியை ஒருத்தி