மனக்கசப்பா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் எழுத்தாளர் துப்ராவ்கா உக்ரெஷிச் பற்றி வெளியான ஒன்றரைப் பக்கக் குறிப்பில், 'தாய்நாட்டுடன் ஏற்பட்ட மனக்கசப்பால் ஆம்ஸ்டர்டாமில் குடியேறினார்' என்று ஒரு வரி. சம்பந்தி வீட்டுப் பந்தியில் கடைசி இலைக்குப் பாயசம் வராமல் போனால் வருவதன் பெயர் மனக்கசப்பு. 1992 டிசம்பரில் நடந்தது அதுவா? குரோஷியத் தலைநகர் ஸாக்ரெபின் 'குளோபஸ்' வார இதழ் அவரையும் இன்னும் நான்கு பெண்களையும் சூனியக்காரிகள் என்று எழுதியது. யார் என்ன இனம், மணமானவரா, குழந்தை உண்டா என்றுகூடப் பட்டியல் போட்டது. யூகோஸ்லாவியா உடைந்து குரோஷியா தனி நாடானபோது கிளம்பிய தேசிய வெறியைக் கேள்வி கேட்டதுதான் அவர்கள் செய்த குற்றம். தங்களுக்குத் தெரியாததா?

நான் 31 ஆண்டுகள் நூலகராக இருந்தவன். நல்ல நூல்களும் கழிவுப் பட்டியலில் சேர்ந்து எடைக்குப் போகின்றன என்று ஒருமுறை மேலிடத்துக்கு எழுதினேன். யாரும் என்னைத் திட்டவில்லை. தேநீர் நேரத்தில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். நான்கு மாதம் அப்படி ஓடியது. உக்ரெஷிச்சுடன் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர்களே முகம் திருப்பிக்கொள்ள, மிரட்டலும் சேர்ந்துகொள்ள, அந்தப் பெண்மணி 1993இல் நாட்டை விட்டே போனார். எனக்கு நான்கு மாதமே நான்கு வருடமாக இருந்தது.

படத்தின் கீழே 'குரோஷிய மண்ணின் மகள்' என்று வேறு போட்டிருக்கிறீர்கள். அவருடைய தாயார் பல்கேரியாக்காரர். பிறந்தது 1949இல், யூகோஸ்லாவியாவில். 'தூய குரோஷியக் காற்று' என்று டப்பாவில் அடைத்து விற்றதைக் கேலி செய்து எழுதி வாங்கிக்கட்டிக்கொண்டவர். தங்கள் படக்குறிப்பைப் படித்தபோது அந்த டப்பா ஒன்றைத் திறந்த மணம் வந்தது.

அவருடைய 'நிபந்தனையற்ற சரணாகதியின் அருங்காட்சியகம்' ஒரு 'போர்க்கால நாவல்' என்கிறது குறிப்பு. பெர்லின் விலங்குக் காட்சிசாலையில் 1961இல் செத்துப்போன ரோலண்ட் என்ற வால்ரஸின் வயிற்றில் கிடந்த லைட்டர், ஐஸ் குச்சி, பாட்டில் திறப்பான் என்ற பட்டியலோடு தொடங்கும் நூல் அது. முதல் பக்கத்தைப் புரட்டியிருந்தால் போதும். அகதியின் பெட்டியில் என்னென்ன கிடக்கும் என்று அதற்குப் பிறகு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

2016இல் அவருக்கு நியூஸ்டாட் சர்வதேச இலக்கியப் பரிசு கிடைத்தபோது தங்கள் இதழில் ஒரு வரி இல்லை. 2023 மார்ச்சில் மறைந்தபோதும் இல்லை. வெளிநாட்டு எழுத்தாளர்கள் தங்களுக்கு நினைவுக்கு வருவது பக்கம் நிரம்பாத மாதங்களில் மட்டும்தானோ என்னவோ. மொழிபெயர்ப்பாளர் பெயரைப் போடுவதில்லை என்று நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முந்தைய இரண்டும் தங்கள் அலுவலகத்தில் எங்கேயோ பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

கேட்பது சிறியதுதான். ஒரே குறிப்பில் அவர் பெயரை மூன்று விதமாக அச்சிட்டிருக்கிறீர்கள். மூன்றுமே 'க்' என்று முடிகின்றன. 'ச்' என்று முடிய வேண்டும். அந்த நாவலை ஆங்கிலத்தில் தந்தவர் செலியா ஹாக்ஸ்வொர்த் என்பதையும் சேர்த்து, அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போட்டால் நன்றியுடையவனாக இருப்பேன். ஆயுள் சந்தாவை ரத்துசெய்யுங்கள் என்று எழுத மாட்டேன். கார்த்திகை இதழ் வரவில்லை என்று போட்ட அட்டைக்கே இன்னும் பதில் இல்லை.

தங்கள்,
ஓய்வுபெற்ற நூலகர்,
திண்டுக்கல்