கை இழுத்த பஞ்சு

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. சாயப்பட்டறை லேப்பில் கலர் பார்க்கும் கம்ப்யூட்டர் வந்தபிறகு உன்னிடம் யாரும் ஷேடு கேட்பதில்லை என்று எழுதியிருந்தாய். இரண்டு நாளாக எனக்கு அதே நினைப்பு.

எனக்கு இது எப்போதோ நடந்துவிட்டது. முன்பெல்லாம் பஞ்சு லாரி மில்லுக்குள் வந்தால் முதலாளி என் முகத்தைத்தான் பார்ப்பார். ஒரு பிடி எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்து இழுத்து அடுக்கி, கருப்புத் துணியில் வைத்து, "இழை நீளம் இருபத்தொன்பது மில்லிமீட்டர்" என்பேன். கண்டிக்கு (பஞ்சை விலை பேசும் எடைக்கு) என்ன விலை என்ற பேச்சே அதற்கப்புறம்தான். பிறகு எச்.வி.ஐ. மெஷின் வந்தது. நீளம், பலம், மைக்ரோனேர் என்கிற இழைப் பருமன் எண், நிறம், தூசி எல்லாம் தாளில் வந்துவிடும். புரோக்கர்கள் என் கையை விட்டுத் தாளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். என் சொல் வெறும் அபிப்பிராயம் ஆகிவிட்டது. எனக்கு வலித்தது அதுதான்.

மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். பேல் பேலாக, கட்டுக் கட்டாகப் பார்த்து, எதோடு எதைக் கலப்பது என்று மிக்சிங் போட என் ஒருவன் கையால் முடியுமா?

ஆனால் போன தையில் ஒரு லாட் வந்தது. மைக்ரோனேர் 3.6, தாளில் எல்லாம் சரி. கையில் எடுத்தால் பஞ்சில் உயிரே இல்லை. மைக்ரோனேர் என்பது பஞ்சுக்குள் காற்றை விட்டு அளப்பது. மெல்லிய முற்றிய இழையும் தடித்த முற்றாத இழையும் ஒரே எண்ணைக் காட்டிவிடும். மெச்சூரிட்டி, இழையின் முற்றல் என்று மெஷின் தனியாக ஒன்று போடுகிறதே, அதுவும் மற்ற எண்களை வைத்துப் போடும் கணக்குதான். சொன்னேன், கேட்கவில்லை. நூலெல்லாம் நெப்ஸ், சின்னச் சின்ன இழை முடிச்சு. கருநீலச் சாயம் ஏறியதும் துணி முழுக்க வெள்ளைப் புள்ளி. முற்றாத இழை சாயம் பிடிக்காமல் விட்ட அந்தப் புள்ளியை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதற்கடுத்த வாரம் லேப்பில் இருக்கும் புள்ளை வந்து, "எனக்கும் இழுக்கச் சொல்லிக் குடுங்க சார்" என்றது. இப்போது முதலில் கையால் பார்த்து எழுதி வைத்துவிட்டுத்தான் மெஷினில் வைக்கிறது. ஒரு மில்லி வித்தியாசத்துக்குள் வந்துவிட்டது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

உன் லேப் பையனிடம் முகம் கொடுக்காமல் இருக்காதே. கடை விளக்கில் ஷேடு ஒத்துப்போகிற துணித் துண்டு வெயிலில் வேறாகத் தெரியுமே, அதை வாசலுக்குக் கூட்டிப்போய்க் காட்டு.

சித்திரையில் அவிநாசித் தேருக்கு வருகிறேன். அந்தப் புள்ளையும் வருகிறேன் என்கிறது. உன் பழைய ஷேடு நோட்டைத் தேடி எடுத்து வை.

உன்,
பஞ்சுக்காரன்