மாமியாரிடமும் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாய்க்குச் சுகப்பிரசவமென்றால் மகளுக்கும் அப்படியே என்று நம் வீடுகளில் நம்புவதைப் பற்றி, கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

உறவினர் வீட்டு வளைகாப்பு ஒன்றில் மாப்பிள்ளையின் தாயார், "எங்க பக்கம் யாருக்கும் ஆபரேஷன் கிடையாது, உங்க பக்கம் எப்படி?" என்று சம்பந்தியம்மாளைக் கேட்டார். இரண்டும் ஆபரேஷனில் பெற்றவரான அவர் பதில் சொல்லாமல் சந்தனக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது, மாப்பிள்ளையைப் பெற்றபோது தமக்கு ஜன்னி, அதாவது வலிப்பு, கண்டு இரண்டு நாள் நினைவின்றிக் கிடந்ததை, கேள்வி கேட்ட அதே அம்மாள் வேடிக்கைபோலச் சொன்னார். கர்ப்பிணி கவலைப்பட வேண்டிய குடும்பச் செய்தி அதுதான் என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

கர்ப்பகால ரத்தக்கொதிப்பும் அது முற்றி வரும் ஜன்னியும் தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ வந்திருந்தால், அந்தப் பெண்ணுக்கும் வர வாய்ப்புக் கூடுகிறது. அத்தகைய கர்ப்பத்தில் பிறந்த ஆணின் மனைவிக்கும் ஓரளவு கூடுகிறது, ஏனென்றால் நச்சுக்கொடியில் தகப்பன் வழி மரபணுவும் இருக்கிறது. இப்படிப்பட்ட குடும்பங்களிலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் மகளுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பும் இதே போலத்தான் கூடுகிறது.

ஆனால் வலி எத்தனை மணி நேரம் நீடிக்கும், ஆபரேஷன் ஆகுமா என்பதைத் தாயின் கதையை வைத்துச் சொல்ல முடியாது. அது தலைப்பிரசவமா, குழந்தையின் எடை என்ன, தலை எப்படித் திரும்பியிருக்கிறது என்பவற்றைப் பொறுத்தது. எந்த மருத்துவமனை என்பதும் சிறிய விஷயமல்ல. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆபரேஷன் பிரசவங்கள் 2015-16இல் 34.1 சதவீதம், 2019-21இல் 44.9 சதவீதம். இந்த இடைவெளியில் நம் பெண்களின் இடுப்பெலும்பு மாறிவிடவில்லை. அந்த இரண்டாம் கணக்கெடுப்பிலேயே அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதமாகவும் தனியாரில் 63.8 சதவீதமாகவும் இருப்பதற்கு எந்தப் பாட்டியும் பொறுப்பல்ல.

இரு வீட்டாரும் ஒருவரையொருவர் கேட்க வேண்டியவை கொதிப்பு, ஜன்னி, சர்க்கரை, குறைமாதப் பிரசவம் ஆகியவை. ஏழாம் மாத வளைகாப்பு அதற்குத் தாமதம். தேவையானவர்களுக்கு மருத்துவர் தரும் சிறிய அளவு ஆஸ்பிரின் மாத்திரையை மூன்றாம், நான்காம் மாதத்திலேயே தொடங்க வேண்டியிருப்பதால், கர்ப்பத்தைப் பதிவு செய்யப் போகும் முதல் நாளிலேயே இவற்றைச் செவிலியரிடம் சொல்லி அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.