நியூரோ லேபை சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பூட்டாதீங்க

மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கும் லேப் சேஃப்டி கமிட்டிக்கும்,

வணக்கம். எங்க நியூரோ லேபை சாயங்காலம் அஞ்சு மணிக்கே பூட்டறதைப் பத்தி இங்கிலீஷ்ல அனுப்பின மெயிலுக்கு பரிசீலிக்கிறோம்னு ஒரு வரி வந்ததோட சரி. அதான் எல்லாரும் படிக்கட்டும்னு இங்க எழுதறேன், அமெரிக்கா வந்து லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்ல (இளங்கலைப் படிப்புக்கே முக்கியத்துவம் குடுக்கற சின்ன காலேஜ்) நியூரோசயின்ஸ், அதாவது நரம்பியல், படிக்கலாம்னு நினைக்கிற நம்ம பசங்களுக்கும் இது தெரியணும். நான் கேக்கறது ஒண்ணுதான்: லேபை ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் திறந்து வைங்க.

போன வியாழக்கிழமை என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். கிரேஃபிஷை (இறால் மாதிரி இருக்கற ஒரு நன்னீர் உயிர்) ஐஸ்ல வச்சு மரத்துப்போக வச்சு, வாலைத் திறந்து, மைக்ரோஸ்கோப்புக்குக் கீழ மூணாவது நரம்போட மெல்லிசான கிளையைத் தேடிப் புடிச்சு, சக்‌ஷன் எலக்ட்ரோடுக்குள்ள (நரம்போட மின் சிக்னலைப் பதிவு பண்ற மெல்லிசான குழாய்) இழுக்கணும். அதுக்கப்புறம் கரண்டோட 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்து உக்காந்துக்கும், எர்த் ஒயரை மாத்தி மாத்திக் குடுத்து அதை அடக்கறதுக்குள்ள மதியம் போயிடும். கடைசியா ஸ்பீக்கர்ல பட் பட்னு கேட்டுச்சு. அந்தக் கிளையில தசையை இயக்கற மோட்டார் நியூரான் ஆறே ஆறு, ஒவ்வொண்ணோட ஸ்பைக்கும், அதாவது மின் துடிப்பும், ஒரு உயரம், ஸ்க்ரீன்லயே பிரிச்சுப் பாக்கலாம். ரெக்கார்டிங் ஆரம்பிக்கும்போது செக்யூரிட்டி வந்து அஞ்சு மணி ஆச்சு, கிளம்புங்கன்னுட்டாரு. அவர் மேல தப்பில்ல, அவருக்கு வந்த உத்தரவு அப்படி. ஆனா ஒரு உயிரைக் கொன்னுட்டு ஒரு டேட்டாவும் எடுக்காம குப்பையில போட வச்சீங்களே, அது எந்த சேஃப்டிங்க?

அஞ்சு மணிக்கு மேல மேற்பார்வைக்கு ஆள் இல்லங்கறீங்க. இங்க பிஎச்டி மாணவர்கள் கிடையாது, அதனால லேப் முழுக்க இளங்கலை மாணவர்களுக்குத்தான்னு சொல்லித்தானே எங்களைச் சேத்தீங்க? இப்ப அதையே காரணமா வச்சுப் பூட்டறீங்க. ஆம்ஹர்ஸ்ட் காலேஜ் 1973லயே இளங்கலையில நியூரோசயின்ஸ் ஆரம்பிச்சுது, சின்ன காலேஜுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லிங்கற ரெண்டு விஞ்ஞானிங்க கணவாயோட நரம்பை வச்சு, ஸ்பைக் எப்படி உண்டாகுதுன்னு சமன்பாடு போட்டு 1952ல எழுதின பேப்பரைப் படிக்கச் சொல்றீங்க, சந்தோஷமா படிக்கறோம், ஆனா ஒரு ஸ்பைக்கை நாங்களே பதிவு பண்ணாம அந்தச் சமன்பாடு எப்படிங்க உள்ள இறங்கும்?

எங்களை மாதிரி எஃப்-1 மாணவர் விசாவுல வந்தவங்களுக்கு வேற வழியும் இல்ல. அமெரிக்க அரசோட அறிவியல் நிதி அமைப்பான என்எஸ்எஃப் பணம் குடுக்கற சம்மர் ஆர்இயூ, அதாவது இளங்கலை மாணவர்களுக்கான ஆராய்ச்சிப் பயிற்சி, அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு இருக்கறவங்களுக்கும்தான். எங்களுக்குக் கிடைக்கற ஆராய்ச்சி அனுபவம் இந்த ஒரு ரூம்லதான். ஊர்ல வீட்டை அடமானம் வச்சு அனுப்பின அப்பா அம்மாகிட்ட லேபைப் பூட்டிட்டாங்கன்னு எப்படிச் சொல்றது? ப்ரோஷர்ல போட மட்டும் எலக்ட்ரோடோட நாங்க நிக்கற போட்டோ வேணும்.

கோபத்துல கொஞ்சம் அதிகமா எழுதியிருந்தா மன்னிச்சுக்கோங்க. ட்ரெய்னிங் முடிச்ச சீனியர்ஸை லேப் மானிட்டரா போடுங்க, யாரும் தனியா இருக்கக்கூடாதுன்னு விதி வைங்க, ப்ரொஃபசர் போன்ல கிடைச்சா போதும். தீர்மானத்தை நாங்களே எழுதித் தரோம். அடுத்த மீட்டிங்ல தயவுசெஞ்சு இதை எடுத்து, ஒன்பது மணி வரைக்கும் லேபைத் திறந்து வைங்க.

இப்படிக்கு,
மூணாம் வருஷ நியூரோசயின்ஸ் மாணவி