குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வர முடியாமல் வீட்டுப் பிள்ளைகளை அனுப்பி வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடி ஏற்றினோம், மிட்டாய் கொடுத்தோம். பொங்கல் கோலப் போட்டியில் விடிகாலைப் பனி எல்லாக் கோலத்தையும் நனைத்துவிட்டதால் கலந்துகொண்ட அனைவருக்கும் எவர்சில்வர் கிண்ணம் வழங்கப்பட்டது. தெருவிளக்கு பதினொன்றில் எட்டு எரிகிறது. பஸ் நிறுத்தத்துக்குக் கூரை கேட்டு மூன்றாவது ஆண்டாக மனு கொடுத்திருக்கிறோம். நவம்பரில் கரடி வந்து சமுதாயக் கூடத்துக் கதவை உடைத்து எண்ணெய் டின்னைக் காலி செய்தது. புதுக் கதவு இரும்பில் போட்டாயிற்று.

செயற்குழு ஏழு முறை கூடியது. மொத்தம் ஒன்பது பேர். நான்கு பேருக்கு மேல் வந்தது ஒரே ஒரு தடவை. டீயும் வர்க்கியும் உண்டு என்று வாட்ஸ்அப்பில் போட்ட நாள் அது.

இனி குப்பைக் கிடங்கு விஷயம். இந்த ஆண்டு முழுக்க நான் செய்த வேலை என்று பார்த்தால் இது ஒன்றுதான். என்மேல் வந்த புகார்களும் இதைப் பற்றித்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காக: நம் கீழ் வரிசைக்கும் கீழே, தேயிலைத் தோட்டம் முடிகிற இடத்தில் இருக்கும் சரிவில்தான் ஊர்க் குப்பை முழுவதையும் முப்பது வருடத்துக்கு மேல் கொட்டினார்கள். லாரி பின்னால் வந்து நிற்கும், அப்படியே பள்ளத்தில் கவிழ்க்கும். சாதாரணக் குப்பையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதன் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டுப் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கினார்கள் சிலர். ஆசிட் தண்ணீரைச் சரிவில் ஊற்றினார்கள். கொட்டகை போய்விட்டது, ஈயம் மண்ணில் தங்கிவிட்டது. அதனால்தான் அந்த சர்வே எண் மாசுபட்ட இடங்களின் பட்டியலில் ஏறியது. அப்புறம் நம் நகரில் வீட்டுக் கடன் கேட்டுப் போனவர்களிடமெல்லாம், "அந்தக் குப்பை மேட்டுப் பக்கமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

சுத்தம் செய்தார்கள் என்பதை மறைக்க மாட்டேன். நன்றாகவே செய்தார்கள். உருளைச் சல்லடை எந்திரம் இரண்டு மழைக்காலம் ஓடியது. மக்கிய மண் ஒரு பக்கம், கல்லும் கண்ணாடியும் ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம் என்று பிரித்து, எரியக்கூடியதை அரியலூர் சிமெண்ட் ஆலைக்கு அனுப்பினார்கள். பேட்டரிக் கொட்டகை இருந்த இடத்து மண்ணைத் தனியாக அள்ளி, தார்ப்பாய் கட்டி, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரக் கழிவுக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். நான் பல நாள் நின்று பார்த்திருக்கிறேன். முப்பது வருடத்துப் பால் கவர் ஒன்று நீல எழுத்து அழியாமல் வந்து விழுந்தது. விலை கூடப் படிக்க முடிந்தது. செங்குத்தான அடிப்பகுதியைத் தோண்டினால் சரிவே பெயர்ந்து வரும் என்று அதை மட்டும் விட்டுவிட்டு, மேலே கெட்டிப் பிளாஸ்டிக் விரிப்பும் களிமண்ணும் போட்டு மூடிப் புல் நட்டார்கள். இன்று பார்த்தால் பூங்கா மாதிரி இருக்கிறது. காலையில் காட்டெருமைகள் மேய்கின்றன.

போன ஆகஸ்டில் பேரூராட்சி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. பணி முடிந்துவிட்டதால் கிடங்கின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க உத்தேசம், ஆட்சேபணை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும் என்று. நான் பார்த்தபோது ஆறு நாள் போய்விட்டது. பக்கத்திலேயே கோழி ஏல அறிவிப்பு ஒன்று இதைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது.

அன்று மாலையே மேல் வரிசையிலிருந்து நான்கைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணே, ஆட்சேபணை இல்லைன்னு சங்க லெட்டர்பேடில் ஒரு வரி எழுதிக் கொடுங்க, முடிச்சுரலாம்" என்றார்கள். அவர்கள் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. இரண்டு பேர் இடத்தை விற்கப் பார்க்கிறார்கள், ஒருவர் காட்டேஜ் கட்டப் பார்க்கிறார். ஆனால் மேல் வரிசைக்குப் பேரூராட்சிக் குழாய் இருக்கிறது. கீழ் வரிசை இருபத்தாறு வீடும் குடிப்பது ஊற்றுத் தண்ணீர். அந்த ஊற்று கிடங்குக்கு நேர் கீழே, நூற்றுச் சொச்சம் படி இறங்கினால் இருக்கிறது. கீழ் வரிசை அக்கா ஒருவர் சொன்னார்: "நாங்க எப்பவும் சுடவெச்சுத்தான் குடிக்கிறோம்." கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கெட்டிப்படத்தான் செய்யும். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் சரக்கு அது. இதைச் சொன்னதும் அவர் குடத்தைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

எனவே நான் எழுதிய கடிதம் ஒரு வரிக் கடிதமாக இல்லை. பெயரை நீக்க ஆட்சேபணை இல்லை, ஆனால் மூன்று விஷயத்தை உத்தரவிலேயே எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். ஒன்று, வேலி. இரண்டு, மூடிய இடத்தில் கட்டடமோ போர்வெல்லோ கூடாது. மூன்று, ஊற்றுத் தண்ணீரை மழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுக்கு இரண்டு முறை பரிசோதிக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தால் விஷயம் ஐந்து மாதம் தள்ளிப்போனது என்பது உண்மை. "செயலாளர் முட்டுக்கட்டை போடுகிறார்" என்று குரூப்பில் எழுதினார்கள். "ஊருக்கே கெட்ட பெயர் இருந்தால்தான் இவருக்குப் பதவி நிற்கும்" என்றும் ஒருவர் எழுதினார். இந்தப் பதவிக்குச் சம்பளம் இல்லை, போன் பில் கூட என்னுடையது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

நான் கேட்டது ஒன்றும் நான் கண்டுபிடித்ததல்ல. நம் உறுப்பினர் ஒருவரின் மகள் அமெரிக்காவில் பஃபலோவில் இருக்கிறார். நயாகரா அருவி பார்க்கப் போனபோது பக்கத்தில் லவ் கெனால் என்ற இடத்தைப் படம் எடுத்து அனுப்பினார். வேலி, வேலிக்குள் பச்சைப் புல், வேறொன்றுமில்லை. நம் கிடங்கு என்றே நினைத்தேன். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் அங்கே இருபதாயிரம் டன்னுக்கு மேல் ரசாயனக் கழிவைப் புதைத்து, 1953இல் அந்த நிலத்தை ஒரு டாலருக்குப் பள்ளி நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் வந்தது, சுற்றி வீடுகள் வந்தன. 1978இல் நெருக்கடி நிலை அறிவித்து நூற்றுக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றினார்கள். அந்த விவகாரம் கிளப்பிய சூட்டில்தான் 1980 டிசம்பரில், மாசுபட்ட இடங்களைச் சுத்தம் செய்வதற்கான சூப்பர்ஃபண்ட் சட்டமே வந்தது. 1983இல் அந்தச் சட்டப்படி மாசுபட்ட இடங்களின் முதல் தேசியப் பட்டியல் வந்தபோது லவ் கெனால் அதில் இருந்தது. 2004 செப்டம்பரில்தான் பெயரை எடுத்தார்கள். 21 வருடம். நம் ஆட்கள் ஐந்து மாதத்துக்குக் கோபப்படுகிறார்கள்.

அங்கே பெயரை ஏற்றவும் கணக்கு உண்டு, எடுக்கவும் முறை உண்டு. ஓர் இடம் எவ்வளவு ஆபத்து என்று 100க்கு மதிப்பெண் போடுகிறார்கள், 28.5 வாங்கினால் பட்டியலில் சேரத் தகுதி. (நம் ஊரில் 35 வாங்கினால்தான் பாஸ்.) எடுக்கும்போது மாநில அரசின் சம்மதம் வேண்டும், உத்தேசத்தை அரசிதழில் வெளியிட வேண்டும், உள்ளூர்ப் பத்திரிகையிலும் சொல்ல வேண்டும், மக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் தர வேண்டும். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. கழிவை முழுக்க எடுக்காமல் மூடி வைத்த இடமாக இருந்தால், பெயரை எடுத்த பிறகும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மறு ஆய்வு செய்தாக வேண்டும். ஏதாவது கிளம்பினால் திரும்ப வேலை தொடங்கவும் வழி இருக்கிறது. லவ் கெனாலில் இன்றும் கசிவு நீரை இறைத்துச் சுத்தம் செய்கிறார்கள். பெயர் போன பிறகும் பம்பு ஓடுகிறது, வேலி நிற்கிறது.

நம் நாட்டிலும் 2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களுக்கென்று மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. அந்தச் செய்தியோடு வந்த கணக்கு: நாடு முழுக்க அடையாளம் கண்ட இடங்கள் 103, சீரமைப்பு தொடங்கியது 7இல். இந்த விதிகளிலும் சாதாரணக் குப்பைக் கிடங்குக்கு விலக்கு இருக்கிறது. பேட்டரி ஈயம் போல நச்சுச் சரக்கு கலந்து வரம்பு மீறினால்தான் கிடங்கு உள்ளே வரும். ஒரு தடவை பெயரை எடுத்துவிட்டால் "இது வெறும் குப்பைக் கிடங்குதானே" என்று சொல்லிவிடலாம். அதனால்தான் எடுப்பதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ள நினைத்தேன். கொடைக்கானலில் வெப்பமானி ஆலை 2001இல் மூடியது. பாதரசக் கழிவை 2003இல் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். மண்ணைச் சுத்தம் செய்யும் பஞ்சாயத்து அதன் பிறகும் வருடக்கணக்கில் நடந்தது. மலையில் மேலே ஊற்றியது கீழேதான் வரும். அதற்குப் படிப்பு தேவையில்லை.

வெறும் வாயால் பேசக் கூடாது என்று தண்ணீரையும் சோதித்தோம். கோவை ஆய்வகத்தில் இதற்கென்று தனி பாட்டில் தருவார்கள். உள்ளே சில சொட்டு அமிலம் விட்டிருக்கும், ஈயம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. முதல் முறை வாங்கி வந்த நான்கு பாட்டிலையும் என் மனைவி நல்ல எண்ணத்தில் சோப்பு போட்டுக் கழுவி, திண்ணையில் கவிழ்த்துக் காய வைத்துவிட்டார். மறுபடி கோவை. திரும்பும்போது பிளாஸ்டிக் தடை என்று சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். ஆய்வகச் சீட்டைக் காட்டி, இது குடிக்கும் பாட்டில் இல்லை என்று விளக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சட்டம் சட்டம்தான்.

குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஜூனில் எடுத்த மாதிரியில் ஈயம் கருவிக்குத் தெரியும் அளவுக்கே இல்லை. நவம்பர் மழைக்குப் பின் எடுத்ததில் தெரிந்தது, வரம்புக்கு உள்ளேதான். உள்ளேதான், ஆனால் தெரிந்தது. மின்வாரியத்தில் முப்பத்தாறு வருடம் மீட்டர் பார்த்தவன் நான். இரண்டு ரீடிங்கை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. மூன்றாவது, நான்காவது வேண்டும்.

ஜனவரியில் உத்தரவு வந்தது. கிடங்கின் பெயர் நீக்கப்பட்டது. அனைவருக்கும் வாழ்த்துகள், குறிப்பாக மேல் வரிசைக்கு. வேலி ஏற்கப்பட்டது, போட்டும் விட்டார்கள். கட்டடம், போர்வெல் கூடாது என்பதும் ஏற்கப்பட்டது. தண்ணீர்ப் பரிசோதனை மட்டும் "நிதி நிலைக்கு உட்பட்டுப் பரிசீலிக்கப்படும்" என்று இருக்கிறது. இந்த வாசகத்தை என் பணிக்காலத்தில் நானே பலருக்கு எழுதியிருக்கிறேன். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

ஆக, பரிசோதனை இனி நம் கையில். இங்கேதான் கணக்கு வருகிறது. பொருளாளர் தன் மகளின் பிரசவத்துக்காகக் கோவையில் இருப்பதால் வரவு செலவு விவரத்தை அவர் வந்ததும் தனியாகச் சுற்றுக்கு விடுவார். சுருக்கமாக, வரவுக்கும் செலவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கரடிக் கதவு எதிர்பாராத செலவு. ஆய்வகக் கட்டணமும் கோவைப் பயணமும் இதுவரை என் கைப்பணம். ரசீதுகள் ஃபைலில் உள்ளன, யாரும் பார்க்கலாம், இதுவரை யாரும் பார்க்கவில்லை.

சந்தா மாதம் ஐம்பது ரூபாய். 84 வீட்டில் 31 வீடு ஒரு வருடமாகத் தரவில்லை. பெயர் படிக்க மாட்டேன். ஆனால் கீழ் வரிசை 26 வீட்டில் பாக்கி இரண்டே வீடுதான், அதிலும் ஒன்று பூட்டிய வீடு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பட்டியலிலிருந்து பெயர் போனதால் இடத்தின் மதிப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மேல் வரிசையில் சிலர் என்னிடமே பெருமையாகச் சொன்னார்கள். சந்தோஷம்தான். அறுநூறு ரூபாயை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க நான் யாரையும் கேட்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: பேரூராட்சி ஊழியர்கள், கூடத்தைப் பெருக்கும் அம்மா, ஒலிபெருக்கி இலவசமாகத் தந்தவர், படி இறங்கி இரண்டு முறையும் என்னோடு வந்த கல்லூரி மாணவர்கள் இருவர், பாட்டிலைக் கழுவியதற்காக நான் போட்ட சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட என் மனைவி.

அடுத்த ஆண்டுக்குச் செயலாளர் பொறுப்பை இளைஞர் யாராவது ஏற்க வேண்டும் என்பது என் விருப்பம். முழங்கால் முன்போல் இல்லை. வேட்புமனுப் படிவம் மேசைமேல் இருக்கிறது. போன ஆண்டும் அங்கேதான் இருந்தது. யாரும் வராவிட்டால் பார்க்கலாம்.

மூன்றாவது மாதிரி ஜூன் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு எடுக்கப்படும். ஊற்றுப் படியில் மழை தொடங்கிவிட்டால் அட்டை அதிகம். வருபவர்கள் உப்புப் பொட்டலம் கொண்டுவரவும். பாட்டில் என்னிடம் இருக்கிறது, கழுவப்படவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்