பழைய கட்டடத்தை இடிக்கும் முன் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளைப் பாதுகாத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்
அரசு உயர்நிலைப்பள்ளி முன்னாள் மாணவர்கள், பெற்றோர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்,
பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: அரசு உயர்நிலைப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் பாதுகாக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துப் புதிய வகுப்பறைகள் கட்டப்போவதாக அறிந்து மகிழ்கிறோம். ஒழுகும் கூரைக்குக் கீழே வாளியை வைத்துவிட்டுப் பாடம் படித்தவர்கள் நாங்கள். அந்த நிலை எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம். கட்டடம் போகட்டும். அதன் மூலை அறையில், மர பீரோவுக்குள் கிடக்கும் சேர்க்கைப் பதிவேடுகள் அதோடு சேர்ந்து போய்விடக் கூடாது என்பதற்காகவே இந்த மனு.

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவானது. எங்களில் பலருடைய பெற்றோர் அந்தக் கணக்கில் வந்தவர்கள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, பிறகு இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கவே 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுதான் பிறகு டான்டீ என்னும் தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. பெரியவர்கள் நாற்று நட்டார்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். நூறு வருடத்துக்கு மேல் வேறொரு நாட்டில் கொழுந்து பறித்த குடும்பங்களின் பெயரை இந்த ஊரில் முதன்முதலாக எழுதி வைத்தது எங்கள் பள்ளிதான்.

அந்தப் பேரேட்டைத் தாங்கள் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். நீல மையில், சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ‘முன்பு படித்த பள்ளி’ என்ற கட்டத்தில் ஹட்டன், பதுளை, நுவரெலியா என்று இருக்கும். ‘பெற்றோர் தொழில்’ என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ‘கூலி, கூலி’ என்றே இருக்கும். கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை. இதை எழுதும் எனக்கான வரியில், அங்க அடையாளமாக ‘வலது புருவத்தில் தழும்பு’ என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் பதிந்திருப்பது என் தாயின் ரேகை. அவரைப் பற்றி எங்கள் குடும்பத்தில் வேறு எந்தத் தடயமும் இல்லை. ஒரு புகைப்படம்கூடக் கிடையாது.

இதை நினைவுக்காக மட்டும் கேட்கவில்லை. எங்களோடு படித்த ஒருவர், தன் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, தந்தையின் பள்ளிப் பதிவைக் கொண்டுவரச் சொன்னார்கள். மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை எப்போதோ கரையான் அரித்துப்போயிருந்தது. தலைமையாசிரியர் இரண்டு நாள் தேடினார். பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தபோது எங்களோடு படித்த அவருடைய பெயரில் பாதி எதிர்ப்பக்கத்தோடு போய்விட்டது. அந்தப் பெண் அந்த ஆண்டு கல்லூரியில் சேரவில்லை.

பணியர், காட்டுநாயக்கர் என்னும் பழங்குடிக் குடும்பங்களுக்கும் இதே நிலைதான். காட்டோரத்திலிருந்து வந்த முதல் தலைமுறைப் பிள்ளைகளின் பிறந்த தேதி இந்தப் பேரேட்டில் மட்டுமே இருக்கிறது. இப்போது படிக்கும் மாணவர்களின் விவரம் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏறிவிடுகிறது. பழையவர்களுக்கு இந்தத் தாள்தான் எல்லாம்.

இந்தப் பள்ளி எங்களுக்கு வெறும் வகுப்பறைகளாக ஒருநாளும் இருந்ததில்லை. கொழுந்தை நிறுத்துவிட்டு வரும் பெண்கள் மழை விடும்வரை இதன் தாழ்வாரத்தில்தான் ஒதுங்குவார்கள். மண் சரிந்த வருடங்களில் குழந்தைகளோடு இங்கேதான் படுத்தோம். சத்துணவுக் கூடத்து அடுப்பில்தான் எல்லோருக்கும் கஞ்சி காய்ந்தது. ஓட்டுப் போடுவதும் இங்கே, சாயங்கால வாலிபாலும் இங்கே. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுப் பிள்ளையும், பணியர் வீட்டுப் பிள்ளையும், மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, காலில் ஏறிய அட்டையை ஒருவருக்கொருவர் உப்பு வைத்து எடுத்துவிட்ட இடம் இது.

ஆகவே, இடிக்கும் வேலை தொடங்குவதற்கு முன்பே பதிவேடுகள் அனைத்தையும் கணக்கெடுத்து, ஈரம் படாத இடத்துக்கு மாற்ற உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத்தில் இறங்கிவிடும். தேவாலாப் பக்கத்து மழை எப்படிப்பட்டது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஒட்டிப்போன பக்கங்களை நாங்களே பிரிக்கப் பயப்படுகிறோம். தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் ஆலோசனையைப் பெற்று, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு பிரதியை மாவட்ட அலுவலகத்திலும் ஒன்றைப் பள்ளியிலும் வைக்க வேண்டும். அந்தப் பிரதியிலிருந்து சான்றளிக்கப்பட்ட நகல் கேட்டு வருபவரை அலைக்கழிக்காமல் கொடுக்கவும் வழிசெய்ய வேண்டும்.

புதிய கட்டடத்தில் ஒரு சிறிய அறையை இதற்கென ஒதுக்கினால், இரும்பு பீரோவும் மேசையும் நாங்களே வாங்கித் தருகிறோம். பெயர்களை வாசித்துக் குறிப்பெடுக்க முன்னாள் மாணவர்கள் முறைவைத்து வரத் தயாராக இருக்கிறோம். அந்தக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இன்னும் ஊரில் இருக்கிறார், அவருக்கு வயதாகிவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் மாணவர்கள், பெற்றோர், ஊர்ப் பொதுமக்கள்
(கையொப்பங்களும் பெருவிரல் ரேகைகளும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)