மிடாலத்து நிலத்தை இப்போதைக்கு விற்க வேண்டாம்

இல்லினாய்
டிசம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

அப்பா எழுதிய கடிதம் கிடைத்தது. உள்ளே மடித்து வைத்திருந்த பேப்பர் கட்டிங்கையும் படித்தேன். சீனா காந்தம் தராவிட்டால் அமெரிக்காவில் கார் கம்பெனிகள் படுத்துவிடும் என்று போட்டிருக்கிறதே, உன் வேலைக்கு ஆபத்து ஒன்றும் இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் இல்லை அப்பா. நடுவில் கொஞ்ச நாள் ஷிஃப்ட் குறைந்தது, எனக்கும் ஓய்வு கிடைத்த மாதிரி ஆயிற்று. போனில் இதை விளக்க முடியாது, அதற்குள் அம்மா போனை வாங்கி, சாப்பிட்டாயா என்று ஆரம்பித்துவிடுவாள், அதனால்தான் எழுதுகிறேன். மிடாலத்து அக்கா வீட்டு விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது, முழுதும் படித்துவிட்டு அத்தானிடமும் காட்டுங்கள்.

சாப்பிடுகிறேன் அம்மா. மரச்சீனிக் கிழங்கு இங்கேயும் கிடைக்கிறது. மெக்சிகோக்காரர் கடையில் தோல் சீவி, துண்டு போட்டு, ஐஸாக உறைய வைத்து பாக்கெட்டில் விற்கிறார்கள், கோஸ்டா ரிகாவிலிருந்து வருவது. என்ன வேகவைத்தாலும் நம் மரச்சீனி மாதிரி பூத்து வராது. சாளை மீன் டப்பாவில்தான் கிடைக்கும், அதில் தேங்காயும் புளியும் அரைத்து விட்டு ஒப்பேற்றுகிறேன். குளிர் கடுமையாக இருக்கிறது. விடியற்காலையில் கார் கண்ணாடியில் உறைந்திருக்கிற ஐஸைச் சுரண்டி எடுத்த பிறகுதான் வண்டியை எடுக்க முடியும். நீங்கள் அனுப்பிய கம்பளி பனியனை உள்ளே போட்டுக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவை வீடியோவில் பார்த்தீர்களே, ஒன்றும் பேசாமல் வேலி ஓரத்தில் வந்து நிற்பாரே, அவர் இந்த வருஷம் ரொம்ப ஒடுங்கிப் போய்விட்டார். எங்கள் தெருவோடு ஊர் முடிந்துவிடும், அதற்கு அப்புறம் எல்லாம் அவருடைய சோயா வயல்தான். வீட்டுக்குப் பின்னால் தகரத்தில் செய்த உருண்டையான பெரிய குதிர்கள் நிற்கின்றன. தினமும் சாயங்காலம் ஒரு கம்போடு போய் தகரத்தைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வருவார். சத்தம் எந்த இடத்தில் கணீரென்று மாறுகிறதோ அதுவரைக்கும் சோயா இருக்கிறது என்று அர்த்தம். மற்ற வருஷங்களில் இந்த நேரத்துக்குப் பாதிக்கு மேல் படகேறிப் போயிருக்குமாம், இல்லினாய் ஆற்றில் இறங்கி, மிசிசிப்பி வழியாகக் கடலுக்கு. இந்த வருஷம் அவர் கை எட்டுகிற உயரம் வரை தட்டினாலும் சத்தம் மாறவே இல்லை.

காரணம் சீனா. அமெரிக்கா வெளியே விற்கிற சோயாவில் பாதிக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தது அவர்கள்தான், 2024-இல் 1,200 கோடி டாலருக்கு மேல். இந்த ஏப்ரலில் டிரம்ப் சீனச் சரக்குகளுக்கான வரியை 145 சதவீதம் வரை ஏற்றினார், சீனா பதிலுக்கு 125 போட்டது. மே மாதம் ஜெனீவாவில் உட்கார்ந்து பேசி 30-க்கும் 10-க்கும் இறக்கினார்கள். இறக்கியும் சீனா இந்தப் பக்கம் திரும்பவில்லை, பிரேசிலில் வாங்கிக்கொண்டது. செப்டம்பரில் ஒரு மூட்டை அமெரிக்கச் சோயாகூட சீனாவில் இறங்கவில்லை. விவசாயிகளுக்கு 1,200 கோடி டாலர் நிவாரணம் என்று இந்த மாதம் அறிவித்திருக்கிறார்கள். தாத்தா அதைக் கேட்டுவிட்டு, எனக்கு வேண்டியது வாங்குகிற ஆள் என்றார். அவர் அவ்வளவு பேசியதே அதிகம். அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றி அடிப்பாகத்தைத் திருப்பிக் காட்டினார், சீனாவில் செய்தது என்று அச்சு இருந்தது.

எங்கள் கம்பெனியில் நடந்தது இதற்கு நேர் எதிர். நாங்கள் செய்வது ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவுகிற சின்ன மோட்டார். அதற்குள் விரல் நகம் அளவில் காந்தத் துண்டுகள் வைப்போம். நிக்கல் பூசியிருப்பதால் வெள்ளிபோலத் தெரியும், கவனக்குறைவாக இரண்டைக் கிட்டே கொண்டுபோனால் நடுவில் இருக்கும் தோலைக் கவ்வி ரத்தம் வரவைத்துவிடும். நியோடிமியம், இரும்பு, போரான் சேர்த்துச் செய்வது, சூட்டில் சக்தி போகாமல் இருக்க டிஸ்புரோசியமோ டெர்பியமோ கொஞ்சம் கலப்பார்கள். உலகத்தில் இந்தக் காந்தத்தில் பத்தில் ஒன்பது சீனாவில்தான் ஆகிறது. ஏப்ரல் 4-ஆம் தேதி டிஸ்புரோசியம், டெர்பியம் உட்பட ஏழு அரிய மண் தனிமங்களை (ரேர் எர்த் என்பார்களே) வெளியே அனுப்ப லைசென்ஸ் வேண்டும் என்று சீனா உத்தரவு போட்டது. யார் வாங்குகிறார், எதற்கு வாங்குகிறார் என்று எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கோடைக்காலம் பூராவும் எங்கள் லைன் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது.

அமெரிக்காவில் இந்த மண் இல்லாமல் இல்லை. கலிஃபோர்னியாவில் மவுண்டன் பாஸ் என்ற இடத்தில் பெரிய சுரங்கமே இருக்கிறது. அங்கே தோண்டியதைப் பிரித்தெடுக்க இத்தனை வருஷமாகச் சீனாவுக்கே கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், இந்த ஏப்ரலில்தான் நிறுத்தினார்கள். ஜூலையில் ராணுவத் துறையே 40 கோடி டாலர் போட்டு அந்தக் கம்பெனியில் பங்கு வாங்கிவிட்டது. சீனாவுக்கும் கை கட்டித்தான் இருக்கிறது. அவர்கள் பெருமையாகச் சொல்லும் சி919 விமானத்தின் எஞ்சின் அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து செய்வது, அதை அனுப்புவதை நடுவில் இவர்கள் நிறுத்தி வைத்தார்கள். பெரியப்பா வீடும் நம் வீடும் வரப்புக்காகக் கோர்ட்டுக்குப் போயிருந்த காலத்திலும் தண்ணீர் கோரியது ஒரே கிணற்றில்தானே, அந்தச் சண்டைதான் இது. அக்டோபரில் மறுபடி முற்றியது, 30-ஆம் தேதி பூசானில் இரண்டு தலைவர்களும் சந்தித்து ஒரு வருஷத்துக்கு ஒத்தி வைத்திருக்கிறார்கள். சோயாவை 2028 வரை ஆண்டுக்கு 2.5 கோடி டன் சீனா வாங்கும் என்று இங்கே சொல்கிறார்கள். ஒத்தி வைத்ததுதான், தீர்ந்ததில்லை. அந்த ஒரு வருஷத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவன் தயவு இல்லாமல் வாழ வழி தேடுவார்கள், அந்தத் தேடல் உலகத்தின் எல்லாக் கடற்கரைக்கும் வரும். நம் கடற்கரைக்கும் வரும். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அக்கா வீட்டுக்கு நிலத் தரகர் வந்து, எப்படியும் மணல் எடுக்க நிலத்தை எடுத்துக்கொள்வார்கள், இப்போதே கொடுத்தால் நல்ல விலை என்று அவசரப்படுத்துகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அத்தான் கையெழுத்துப் போடக் கூடாது. நம் குமரி மாவட்டக் கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் உண்மைதான், மிடாலமும் அதில் இருக்கிறது. ஆனால் போன வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி வைத்திருந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தையே மக்கள் எதிர்ப்பால் தள்ளிப் போட்டார்களே. இன்னொன்றும் அத்தானுக்குப் புரிய வேண்டும். நம் கடற்கரை மணலில் இருக்கிற மோனசைட் என்ற கனிமத்தில் நியோடிமியம் உண்டு, ஆனால் சீனா பூட்டு போட்ட டிஸ்புரோசியமும் டெர்பியமும் எடுக்கிற அளவுக்குக் கிடையாது. நாட்டுக்காக என்று பேசுகிற தரகரிடம் இதைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இது புதிதும் அல்ல. 1909-இல் ஜெர்மன்காரர் ஒருவர் நம் பக்கத்திலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் மணவாளக்குறிச்சிக்கு வந்தார், அன்றைக்குக் கேஸ் விளக்கில் வெளிச்சம் தருகிற மாண்டில் வலைக்காக. உலகப் போர் வந்ததும் மணல் வெள்ளைக்காரன் கைக்குப் போனது. மணல் போன இடமெல்லாம் பெரிய தொழில் வந்தது, கரையில் இருந்தவனுக்கு என்ன வந்தது? எனக்கு இதில் கோபம் இருக்கிறது அப்பா.

ரப்பர் விலையும் இதே கதைதான். உலகத்தில் ரப்பர் அதிகம் வாங்குவது சீனா, அங்கே டயர் கம்பெனிகள் ஓடாவிட்டால் கோட்டயம் சந்தையில் விலை விழுகிறது. ஷீட்டை மொத்தமாகத் தேக்கி வைக்க வேண்டாம், சிரட்டையில் காய்கிற ஒட்டுப்பாலை மட்டும் கொடுத்துவிடுவோம் என்று காத்திருக்கவும் வேண்டாம், பாதிப் பாதியாகக் கொடுங்கள்.

அருமனையில் கிறிஸ்துமஸ் விளக்கெல்லாம் போட்டிருப்பார்களே? ஜன்னலில் நானும் ஒரு ஸ்டார் தொங்கவிட்டிருக்கிறேன். அப்பா மூங்கில் கீறி, கலர் பேப்பரை மைதாப் பசையில் ஒட்டி, உள்ளே பல்பு வைத்துக் கட்டுவீர்களே, அதைச் சின்னவன் இப்போதும் கட்டுகிறானா? ராத்திரி கேரல் வரும் சத்தம் தூரத்தில் கேட்டதும் அம்மா எழுந்து கட்டஞ்சாயா போடுவாள். இங்கே ராத்திரி பனி விழுந்தால் ஒரு சத்தமும் இருக்காது. ஷிஃப்ட் இல்லாத அன்றைக்கு யாரிடமும் பேசாமலே பொழுது போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறேன், பாட்டு தெரியாது, நின்றுவிட்டு வருகிறேன். சரி, அதை விடுங்கள்.

இந்த மாதப் பணத்தை ஜனவரியில் சேர்த்து அனுப்புகிறேன். டாலர் 90 ரூபாயைத் தாண்டிவிட்டது, இன்னும் ஏறும் என்கிறார்கள், பொறுத்து அனுப்பினால் நமக்குத்தான் லாபம். சீட்டுப் பணத்துக்கு மட்டும் கருங்கல் மாமாவிடம் ஒரு தவணை போடச் சொல்லுங்கள், நான் மாமாவிடம் பேசிவிட்டேன். அம்மா கண் ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள், அதற்கு வைத்திருக்கும் பணத்தில் கூரை வேலையைத் தொடக் கூடாது, கூரையை மழைக்காலத்துக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம்.

சின்னவன் இங்கே வர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறானாம். வெளிநாட்டிலிருந்து புதிதாக ஹெச்1பி வேலை விசாவில் ஆள் எடுக்க கம்பெனி 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று செப்டம்பரில் உத்தரவு வந்திருக்கிறது, அவன் படிப்புக்கு யாரும் கட்ட மாட்டார்கள். ஏஜெண்டு யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவனைப் புதன்கிழமை ராத்திரி எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள். மிடாலத்துப் பத்திரத்தின் நகலையும் நிலவரி ரசீதையும் அக்கா போட்டோ எடுத்து அனுப்பினால் நாகர்கோவில் வக்கீல் சித்தப்பாவிடம் நானே கேட்டுச் சொல்கிறேன்.

அன்பு மகன்